லாரி மோதாமல் ஒரு மறுபிறவி

சீனித்தாய்க்குக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். நான் கேலிக்குச் சொல்லவில்லை. அவளுடைய சம்பளச் சீட்டிலேயே கன்டெய்னர் சர்வேயர் என்று கொஞ்சம் கௌரவமாக அதைத்தான் போட்டிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் காலிப் பெட்டிகள் அடுக்கிவைக்கும் யார்டு ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். கப்பலேறி ஊர் ஊராக அலைந்து சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற பெட்டியைச் சுற்றிவந்து, எங்கே ஒடுங்கியிருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது, எந்தக் கதவின் ரப்பர் பிய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கடைசியில் பெட்டிக்குள்ளே போய், கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, இருட்டில் அண்ணாந்து நின்று பார்க்கவேண்டும். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை. வெளியே நின்று நூறு முறை சுற்றினாலும் அது கண்ணில் படாது.

பெட்டிகளுக்கு அவளால் நன்மை. மனிதர்கள் பாடுதான் திண்டாட்டம். உடன்குடியில் அவள் அப்பா கருப்பட்டிக் கடை வைத்திருந்த காலத்தில், வாங்க வந்தவர்கள் முன்னாலேயே “அந்தச் சிப்பத்துல சீனி கலந்திருக்கு” என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியவள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபிறகு, சாகுபுரத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகும் அவள் கணவன் தளவாய் புதுச்சட்டை போட்டால், முதலில் காஜா எடுத்தது கோணல் என்பாள், பிறகுதான் நன்றாயிருக்கிறது என்பாள். தளவாய் பொறுமைசாலி. அவளுடைய முதல் வாக்கியத்தைக் காதில் வாங்காமல் இரண்டாவதற்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டான்.

இப்படி ஊரிலுள்ள குறையையெல்லாம் எழுதித் தள்ளினவள், தன் பக்கத்து ஓட்டை ஒன்றைப் பதினோரு வருடமாக எழுதாமலேயே வைத்திருந்தாள். அது அவள் தம்பி முத்துச்செல்வத்தின் கல்யாணத்தில் விழுந்த ஓட்டை.

அந்தக் காலத்தில் அவள் மாமியார் வீட்டில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். தளவாயின் தங்கை செல்வலட்சுமியைத் தன் தம்பிக்கு எடுப்பது என்று. தம்பியிடம் கேட்டாளா என்றால் இல்லை. தம்பி என்ன, அக்கா பேச்சைத் தட்டவா போகிறான் என்ற நினைப்பு. தம்பியோ நாசரேத்துப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஜெயபிரியாவை விரும்பி, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான். அப்பாவும் அம்மாவும் சம்மதித்தார்கள். சீனித்தாய்க்குத்தான் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாமல் போயிற்று.

கல்யாணம் திருச்செந்தூரில். நம் பக்கத்துக் கல்யாணங்களில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் பின்னால் நிற்கும் நாத்தனார் போடவேண்டும். ‘எங்கள் வீட்டுப் பெண்ணாக உன்னை ஏற்றுக்கொண்டோம்’ என்று மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கையால் சொல்லும் காரியம் அது. முத்துச்செல்வம் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றின் நுனிகளை அக்காவிடம் நீட்டினான். கெட்டிமேளம் முழங்குகிறது. அட்சதை விழுகிறது. சீனித்தாய் கையைக் கீழே தொங்கப் போட்டபடி நின்றாள். ஜெயபிரியா குனிந்த கழுத்தோடு காத்திருந்தாள். யாரோ “ஏளா சீனி” என்று அதட்டினார்கள். அப்போதும் அவள் கை எழும்பவில்லை. கடைசியில் முத்துச்செல்வமே தடுமாறித் தடுமாறி மற்ற இரண்டு முடிச்சையும் போட்டான்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், யாருக்காக இந்த வீம்போ அந்தச் செல்வலட்சுமி அடுத்த தை மாதமே சென்னை மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது மூன்று பிள்ளைகள். முத்துச்செல்வம் என்றொரு பையன் இருந்தானே என்று கேட்டால், யாரு என்பாள்.

ஜெயபிரியா சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டம். பொங்கலுக்குப் போனால் தண்ணீர் கொடுப்பாள், சாப்பாடு போடுவாள், கேட்டதற்கு ஆமா, இல்லை என்பாள். ‘மைனி’ என்று நாத்தனார் முறை சொல்லி மட்டும் ஒருநாளும் வாயைத் திறந்து கூப்பிட்டதில்லை. தம்பியும் தூத்துக்குடியில்தான் குடியிருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் இருக்குமா? பதினோரு வருடத்தில் சீனித்தாய் அந்த வாசலை மிதித்ததைக் கைவிரலால் எண்ணிவிடலாம்.

இந்த ஆடி பிறந்தபோது இரண்டு காரியங்கள் நடந்தன. முத்துச்செல்வம் குரோம்பேட்டையில் ஒரு மளிகைக் கடையை எடுத்து நடத்தப் போவதாகவும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடும்பத்தோடு கிளம்புவதாகவும் போனில் சொன்னான். அதே போனைப் பிடுங்கி அவன் மகள் சண்முகப்ரியா பேசினாள். ஒன்பது வயது, வாய் அத்தையைக் கொண்டிருக்கிறது. பெட்டி கட்டும்போது கல்யாண வீடியோ அகப்பட்டதாம், போட்டுப் பார்த்தாளாம்.

“அத்தே, நீங்க அதுல வில்லி மாதிரி நிக்கீய.”

பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னது. சீனித்தாயும் சிரித்துவைத்தாள். போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தம்பி குடும்பம் சென்னைக்குப் போய்விட்டால் இனி நல்லது கெட்டதுக்குத்தான் முகம் பார்ப்பது. அந்த வீடியோ மட்டும் அவர்களோடு போகும். அதில் அவள் கையைத் தொங்கப் போட்டபடி காலத்துக்கும் நின்றுகொண்டிருப்பாள்.

மறுநாள் யார்டில் கேட் பதிவைக் கவனிக்கும் ஜாஸ்லினிடம் இதை நகைச்சுவை போலச் சொல்லிப் பார்த்தாள். ஜாஸ்லினுக்கு இருபத்தாறு வயது, ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன் தொடர்கள் பார்ப்பதில் பித்து. பார்த்ததையெல்லாம் நிறை குறை சொல்லி யூடியூப்பில் ஒரு சேனல் நடத்துகிறாள். முந்நூறு பேர் கேட்பார்கள். “வில்லியா? அக்கா, அதுக்குன்னே தனியா ஒரு வகை இருக்கு” என்று உற்சாகமாகிவிட்டாள். ஒரு பெண் லாரி மோதிச் செத்துப்போவாளாம். கண்விழித்தால் தான் எப்போதோ விளையாடிய கம்ப்யூட்டர் விளையாட்டின் கதைக்குள்ளே, கதாநாயகியாக இல்லாமல் வில்லிச் சீமாட்டியாகப் பிறந்திருப்பாளாம். முடிவு தெரியும், ஊரைவிட்டுத் துரத்துவார்கள். அதிலிருந்து எப்படித் தப்பிக்கிறாள் என்பதுதான் கதை, நடுவில் காதலும் உண்டு.

லாரி மோதினால் மறுபிறவி என்றால் நம் ஹார்பர் ரோட்டில் போனவர்களில் பாதிப்பேர் இந்நேரம் சீமாட்டிகளாகியிருக்க வேண்டும் என்றாள் சீனித்தாய். ஆனால் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஜாஸ்லின் காட்டிய ‘கருநீலச் சீமாட்டியின் மறுபிறவி’யின் முதல் பாகத்தைப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்துகள் கீழே ஓடின. வேகமாக ஓடினால் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அந்த வாரத்துக்குள் பன்னிரண்டு பாகத்தையும் முடித்துவிட்டாள். டிபன்பாக்சில் சோறு காய்ந்ததுதான் மிச்சம்.

வில்லியின் பெயர் ஒட்டீலியா. சுருள் சுருளாக நீலத் தலைமுடி, பார்த்தாலே அடிக்கலாம் போல ஒரு பார்வை. சீனித்தாய்க்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. வேலைக்காரியை அறைந்தவள், கதாநாயகியின் உடுப்பில் மையைக் கொட்டியவள். அந்த உடம்புக்குள் ஒரு சாதாரண ஆபீஸ் பெண் வந்து உட்கார்ந்துகொண்டு, நடுநடுங்கி, எல்லோரிடமும் பணிவாக நடக்கிறாள். ரொட்டி சுடக் கற்றுக்கொள்கிறாள். கதாநாயகியோடு சிநேகமாகிறாள். இரண்டு பெண்களும் சேர்ந்து மாவு பிசையும் ஐந்தாம் பாகத்தில் சீனித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. கன்டெய்னர் தூசி என்று ஜாஸ்லினிடம் சொன்னாள்.

ஜாஸ்லின் விடவில்லை. “நீங்கதான் நிறை குறை சொல்லணும், பேர் போட மாட்டேன், யார்டு அக்கான்னு போடுதேன்” என்று பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பதிவு செய்வது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை சீனித்தாய் நாற்பதடிப் பெட்டி ஒன்றுக்குள் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே வேக்காடு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டு. மனதுக்குள் மதியம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கதையைச் சுற்றிச் சுற்றி வந்தாயிற்று. ஏதோ ஒன்று இடிக்கிறது, எதுவென்று பிடிபடவில்லை. சரி, உள்ளே போய் நின்று பார்ப்போம் என்று, தன்னையே ஒட்டீலியாவின் இடத்தில் வைத்துப் பார்த்தாள். தம்பி கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு நல்ல பெண் வந்து தன் உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு ஜெயபிரியாவின் கையைப் பிடித்து மன்னித்துக்கொள் என்கிறாள். ஜெயபிரியாவும் சிரிக்கிறாள். அப்படியானால் அன்று கையைத் தொங்கப் போட்டு நின்றவள் எங்கே?

கூரையின் மூலையில் கடுகளவு வெளிச்சம் தெரிந்தது. சீனித்தாய் சீட்டில் எழுதிக்கொண்டாள். கதவைத் தட்டினாள்.

மதியம் கேபினில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜாஸ்லின் போனை நீட்டினாள். சீனித்தாய் முதலில் நிறைகளைச் சொன்னாள், அதைத் தளவாய் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பான். வில்லிக்கும் பயம் உண்டு, மூளை உண்டு, வேலை செய்யக் கை உண்டு என்று காட்டியதைப் பாராட்டினாள். இரண்டு பெண்களை எதிரியாக நிறுத்தாமல் கூட்டாளியாக்கியதுதான் கதையிலேயே உசத்தி, அவர்கள் சிநேகத்துக்கு முன்னால் இளவரசன் காதல் உப்புச் சப்பில்லாதது என்றாள். பிறகு குறைப் பாட்டு ஆரம்பித்தது. இளவரசன் ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மை. எட்டாம் பாகத்துக்கு மேல் குதிரை உட்பட எல்லோரும் ஒட்டீலியாவைக் காதலிக்கிறார்கள். விருந்து மண்டபத்தில் பின்வரிசையில் நிற்பவர்களுக்குக் கண்ணும் மூக்கும் வரையச் சோம்பல் பட்டிருக்கிறார்கள். எந்தச் சிக்கல் வந்தாலும் ஒரு ரொட்டியைக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். ஜாஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு சீனித்தாயின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“பெரிய ஓட்டை வேற இருக்கு. இந்தப் பிள்ளை எல்லார்ட்டயும் மன்னிப்பு கேக்கா, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு பண்ணினது இவ இல்லயே. பழைய ஒட்டீலியால்லா பண்ணினா? செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேக்கது லேசு. செஞ்சவளே போயி கேக்கணும், அதே மூஞ்சியோட, அதே பேரோட. அத இந்தக் கதை காட்டவே இல்ல. எனக்கு ஒரு வில்லியத் தெரியும். அவளுக்கு லாரி ஒண்ணும் வரல. பதினோரு வருசமா அவளேதான் இருக்கா.”

ஜாஸ்லின் சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றாள் சீனித்தாய்.

அதைச் சொன்னதும் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாள்தான் உறைத்தது, முந்நூறு பேரிடம் சொல்லியாயிற்று, சொல்லவேண்டிய ஒருத்தியிடம் சொல்லவில்லை. இதுவும் ஒட்டீலியா வேலைதான் என்று தன்னையே வைதுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டாள். தளவாய், சும்மாவா போகிறாய், ஏதாவது பண்டம் வாங்கிக்கொண்டு போயேன் என்றான். கையில் பண்டம் இருந்தால் பேச்சு பண்டத்தைப் பற்றிப் போய்விடும் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனாள். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்று இருந்தது. நாற்பத்தொரு வயதில், இருபதடி உயர அடுக்கில் ஏணி வைத்து ஏறுகிறவளுக்கு, தம்பி வீட்டு இரண்டு படி ஏறக் கால் வரவில்லை.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். முத்துச்செல்வம் ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தான். சண்முகப்ரியா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். ஜெயபிரியா பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சீனித்தாய் உட்காரவும் இல்லை, தண்ணீரைத் தொடவும் இல்லை.

“நான் அன்னைக்கு முடிச்சுப் போடாம நின்னது தப்பு, பிரியா. எம் மாமியா வீட்டு வீம்புக்கு உன் கழுத்த நிறுத்தி வச்சிட்டேன்.”

வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. வாக்குக் கொடுத்த கதை, மாமியார் குத்திக்காட்டிய கதை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

ஜெயபிரியா கையிலிருந்த சேலைத் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“செல்லுல கார்ட்டூன் தேடயில அகப்பட்டுச்சுன்னு, நீங்க பேசினத உங்க மருமவ போட்டுக் காட்டினா” என்றாள். “பேர் போடாட்டா தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, எங்கிட்ட எப்ப சொல்லுவாவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

சீனித்தாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. அதனால்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தவளை ஜெயபிரியா பேசவிடவில்லை.

“நான் எவ்வளவு நேரம் குனிஞ்சுகிட்டே இருந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியும். சீனித்தாய் தன்னிடமிருந்த வீடியோவைப் போன வாரம் ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்திருந்தாள். குறை எழுதுகிறவள் அல்லவா, அளக்காமல் இருப்பாளா?

“பதினாலு செகண்டு.”

“வீடியோக்காரரு வெட்டிட்டாரு” என்றாள் ஜெயபிரியா. “எங்க அப்பாதான் பாக்க முடியலன்னு சொல்லி வெட்டச் சொன்னாவ. அதுக்கு மேலயும் இருந்துச்சு. ரொம்ப நேரம் இருந்துச்சு.”

அவள் குரல் உடைந்தது. பதினோரு வருடத்தில் சீனித்தாய் அவளை அழுது பார்த்ததில்லை. தான் கண்ட குறையைவிடப் பெரிய குறை ஒன்று தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்கிறது. ஒரு தகப்பன் மணவறையில் தன் மகள் நின்ற நிலையைப் பார்க்க முடியாமல் அந்த நேரத்தையே வெட்டச் சொல்லியிருக்கிறார். சீனித்தாயும் அழுதாள். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

ஜெயபிரியா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணியைக் குடிங்க என்றாள். சீனித்தாய் குடித்தாள். இரண்டு பேரும் பாத்திரங்களைச் சுற்றிக் கட்டினார்கள். சீனித்தாய் ஒரு பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்து, இது சென்னை போய்ச் சேராது, பாதி வழியில் பிய்ந்துவிடும் என்றாள். ஜெயபிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

“ஆடிப் பதினெட்டுக்குக் கயிறு மாத்தணும். காலையில ஏழரைக்குள்ள வாங்க.”

நம் பெண்கள் தாலிக் கயிறு நைந்தால் ஆடிப் பதினெட்டு அன்று புதுமஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். சாதாரணமாக அவரவரே மாற்றிக்கொள்கிற காரியம். அதற்கு யாரையும் வரச் சொல்லவேண்டியதில்லை. வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் சீனித்தாய்க்கு அது விளங்கியது. தளவாய் ஷிப்ட் முடிந்து வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டான். அவளோ, உங்க சட்டை நல்லாருக்கு என்றாள். அவன் பயந்துபோனான்.

ஆடிப் பதினெட்டு அன்று ஏழு மணிக்கே அவள் அங்கே இருந்தாள். அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிவைத்துச் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றியிருந்தார்கள். பக்கத்தில் சர்க்கரைப் பொங்கல், வெற்றிலை, மஞ்சள் தடவிய புதுக் கயிறு. சண்முகப்ரியா அப்பாவின் போனை வாங்கி வீடியோ எடுக்கத் தயாராக நின்றாள். வெட்டாமல் எடுக்கவேண்டும் என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தாளாம்.

புதுக் கயிறு கழுத்தில் ஏறிய பிறகுதான் பழையதைக் கழற்றுவது. ஜெயபிரியா கிழக்கே பார்த்துப் பலகையில் உட்கார்ந்து, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு கழுத்தைக் குனிந்தாள். முத்துச்செல்வம் கயிற்றைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டான். கயிற்றின் நுனிகளைப் பின்னால் நீட்டினான். நீட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சீனித்தாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எந்த லாரியும் மோதவில்லை, தலைமுடி நீலமாகவில்லை. அதே சீனித்தாய், அதே கை. இரண்டாம் முடிச்சைப் போட்டாள். மூன்றாவதைப் போட்டாள். போட்டு முடித்தபிறகும் விட மனமில்லாமல், கழுத்தை நெரித்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்து, முடிச்சைத் தொட்டபடி நின்றாள்.

குனிந்த தலையை நிமிர்த்தாமலே ஜெயபிரியா சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம் இறுக்குங்க மைனி. மெட்ராஸ் வரைக்கும் தாங்கணும்லா.”